மெதுவாகத்தான் பேசினேன்

பெங்களூரு வைட்ஃபீல்டில் நூற்றிருபது வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் ரங்கநாதனுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. 2004ஆம் வருஷம், ஆயுதபூஜை முடிந்த வாரம். மோட்டார், லிஃப்ட், ஜெனரேட்டர், குழாய் என்று அங்கே எது மக்கர் செய்தாலும் பார்க்க வேண்டியவர் அவர்தான். ஜீவனஹள்ளியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். வழியில் இருக்கும்போதும் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று செயலாளர் கஸ்தூரிரங்கன் யோசனை சொல்லியிருந்தார்.

ரங்கநாதன் அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மணியடித்தால் எடுத்துக் காதோடு அழுத்தி, “ரங்கநாதன் பேசறேன்! சொல்லுங்க!” என்பார். மறுமுனையில் பேசுவதில் பாதிதான் விளங்கும். கம்பி இல்லாத போன், அவ்வளவு தூரத்திலிருந்து குரல் வருவதே பெரிது, இங்கிருந்தும் சற்று எடுத்துப் பேசினால்தானே அங்கே போய்ச் சேரும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

அவர் ‘சற்று எடுத்து’ என்று நினைத்தது பஸ்ஸின் கடைசி வரிசை வரைக்கும் போகும். சி பிளாக்கில் யார் வீட்டுக் கழிவறை அடைத்துக்கொண்டது, எந்த வீட்டு அம்மா எலெக்ட்ரீஷியனைத் திட்டினாள் என்பதெல்லாம் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் வருகிற அத்தனை பேருக்கும் அத்துப்படி. கண்டக்டர் ஒருநாள், “ஸ்வாமி, உங்களுக்கு எதுக்கு போனு? ஜன்னலைத் திறந்து பேசினாலே வைட்ஃபீல்டுல கேக்கும்” என்றார். பஸ்ஸே சிரித்தது. ரங்கநாதனும் சிரித்தார். கண்டக்டர் சொன்னது அவர் காதில் விழவில்லை. நாலு பேர் சிரித்தால் கூடவே சிரித்துவிடுவது அவருக்கு வருஷக்கணக்காகப் பழக்கமாகிவிட்டிருந்தது.

அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் அவர் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். தகட்டை அடித்து உருக்கொடுக்கிற ராட்சச இயந்திரங்கள், வரிசையாகப் பதினாலு. ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். காதில் வைக்கக் கம்பெனி பஞ்சு கொடுத்தது. பஞ்சை வைத்தால் பக்கத்து ஆள் எச்சரிக்கை சொன்னால் கேட்காது என்று யாரும் வைப்பதில்லை. சைகையிலும் உதட்டசைவிலுமே எட்டு மணி நேரம் ஓடிவிடும். தொழிற்சாலை மூடியபோது கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். இயந்திரத்தில் நசுங்காமல் விரல் பத்தும் முழுசாக இருக்கிறதே என்று மனைவி ராதா அன்றைக்குச் சாமிக்கு விளக்கேற்றினாள். காதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

மகள் தாரணி அடுத்த மார்ச் மாதம் ஓசூரிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். புருஷன் கை ஓங்கியது அது இரண்டாவது தடவை. முதல் தடவையை யாரிடமும் சொல்லாமல் விழுங்கியவள், இந்தத் தடவை சமையலைப் பாதியில் விட்டுவிட்டு நேரே பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டாள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். ரங்கநாதன் சுவரோரமாக நின்று கேட்டார். பாதி கேட்டது, மீதி ராதாவின் முகத்தில் தெரிந்தது.

மகளிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் கிளம்பும்போது “சாப்பிட்டியா?” என்றார். சாயங்காலம் வந்ததும் “சாப்பிட்டியா?” என்றார். பேக்கரியிலிருந்து அவளுக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கி வந்து மேஜைமேல் வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். அப்பா முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார், தான் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தாரணி எடுத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, டின் ஃபேக்டரி நிறுத்தத்தில் பஸ் நகராமல் நின்றிருந்தபோது போன் அடித்தது. வாணியம்பாடியிலிருந்து அண்ணன் சந்தானம். பெண்ணைத் திருப்பி அனுப்பு, பெரியவர்களாகப் போய் உட்கார்ந்து பேசி விட்டுவிட்டு வரலாம் என்கிறார். குடும்ப விஷயம் என்று ரங்கநாதனுக்கும் தெரியாமல் இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். குரலை நன்றாக இறக்கித்தான் பேசினார்.

“இல்லண்ணா. ரெண்டாவது தடவ கை ஓங்கிட்டான். அப்புறம் இன்னா பேச்சு வேண்டியிருக்கு?”

அண்ணன் என்னவோ சொன்னார்.

“ஜனங்க இன்னா வேணா பேசிக்கட்டும். ஓசூர்ல அவ அடி வாங்கும்போது எந்த ஜனம் வந்து நின்னுச்சு? என் பொண்ணு என் வூட்ல கீறா. அவ சாப்பிடற சோறு எனக்கு பாரமாண்ணா? அவ வந்துட்டதுல எனக்கு நிம்மதி. உசுரோட வந்தாளே, அதச் சொல்லு. அவளே போறேன்னு சொன்னாக்கூட நான் அனுப்ப மாட்டேன்.”

சொல்லி முடித்துப் போனை வைத்தபோது பஸ் அமைதியாக இருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாரணி மாவு மில்லுக்குக் கோதுமை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் டப்பாவைச் சமையலறையில் டங்கென்று வைத்தாள். நேரே அப்பா முன்னால் வந்து நின்றாள்.

“மில்லுல நாலு பொம்பளைங்க நிக்கறாங்க. ‘ஓசூர்ல இருந்து வந்துட்டியாமே, ரெண்டு தடவ அடிச்சானாமே’ன்னு கேக்கறாங்க. யாருப்பா சொன்னது அவங்களுக்கு?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“பஸ்ல நீங்க போன்ல பேசினீங்களாம். பஸ் முழுக்கக் கேட்டுச்சாம்.”

“மெதுவாத்தான் பேசினேன் பாப்பா. வாயப் பொத்திக்கினு பேசினேன்.”

“பொய் சொல்லாதீங்கப்பா.”

ரங்கநாதனுக்குச் சுருக்கென்றது. மகள் தன்னைப் பொய்யன் என்று சொன்னது அதுவே முதல் தடவை. “நான் எதுக்குப் பொய் சொல்லணும்? மெதுவாத்தான் பேசினேன்!” என்றார். வாசலில் போன காய்கறி வண்டிக்காரர் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தாரணி அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ராதா நின்றிருந்தாள்.

“உன்னை அம்மா மூணு தடவ கூப்பிட்டாங்க” என்றாள் தாரணி. கோபத்தில் மரியாதை போய்விட்டிருந்தது. ஆனால் குரலில் இருந்த கோபம் அதற்குள் பாதி இறங்கிவிட்டது. “உனக்குக் கேக்கலையா?”

ரங்கநாதன் திரும்பினார். ராதா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “பத்து வருஷமாவே அப்படித்தான் பாப்பா” என்றாள். “முன்னால வந்து நின்னாத்தான் தெரியும். டிவியை அவர் வைக்கற சத்தத்துக்கு நானே பழகிட்டேன்.”

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது” என்று சொல்லிவிட்டு ரங்கநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். காக்ஸ் டவுன் மார்க்கெட் வரைக்கும் நடந்தார். எதுவும் வாங்காமல் திரும்பினார்.

மறுநாளிலிருந்து பஸ் ஏறியதும் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. இவர்கள் எல்லோருக்கும் என் வீட்டு விஷயம் தெரியும் என்ற நினைப்பே முதுகில் சுட்டது. முன்வரிசையில் உட்காரும் சந்திரம்மா, வைட்ஃபீல்டில் இரண்டு வீடுகளில் சமைப்பவள், ஜீவனஹள்ளியில் இரண்டு தெரு தள்ளி இருப்பவள், ஒருநாள் அவரைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் சிரிக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போய்விட்டார்.

இது எட்டு நாள் ஓடியது. ஒன்பதாவது நாள் காலை, அவர் பஸ்ஸில் இருந்த நேரத்தில், குடியிருப்பில் மேல்தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டார் தானாக நிற்கவில்லை, எந்தச் சுவிட்சை அணைப்பது என்று காவலாளிக்குத் தெரியவில்லை. தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டது. அவருக்குப் பதினோரு தடவை போன் செய்திருக்கிறார்கள்.

கஸ்தூரிரங்கன் கத்துகிற மனிதர் இல்லை. வரவேற்பறையில் ஈரம் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று, “ரங்கநாதன், ஏழாவது மாடியில வீல்சேர்ல ஒருத்தர் இருக்கார். இன்னிக்கு அவருக்கு டயாலிசிஸ். நாலு பேர் சேர்ந்து படி வழியா தூக்கிண்டு போனோம். போனை ஏன் ஆஃப் பண்ணி வெச்சேள்?” என்று மட்டும் கேட்டார்.

ரங்கநாதன் லிஃப்ட் குழியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சாயங்காலம் வரைக்கும் இறைத்தார். போனை எடுத்தால் மானம் போகிறது. எடுக்காவிட்டால் ஒரு மனிதரை மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வாளியை மேலே கொடுத்துக்கொண்டிருந்த ஆள் என்னவோ சொன்னான். அவர் அண்ணாந்து அவன் உதட்டைப் பார்த்தார். எப்போதும் செய்கிற காரியம்தான். அதைத்தான் செய்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே உறைத்தது.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, யாரிடமும் சொல்லாமல் காது பரிசோதனை செய்கிற ஒரு இடத்துக்குப் போனார். நிருபமா என்று ஒரு இளம் பெண். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் பெரிய ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். “சத்தம் எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்துங்க சார்.”

முதலில் சில சத்தங்கள் வந்தன, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி. அழுத்தினார். பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் ஏதோ இயந்திரத்தைச் சரிசெய்கிறாள் போல என்று காத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குமிழ்களைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். எப்போதாவது ஒன்று கேட்டது. மறுபடியும் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. கதவு திறந்ததும், “என்னம்மா, மிஷின் ரிப்பேரா? அடுத்த சத்தம் எப்ப வரும்னு உக்காந்துக்கினு இருந்தேன்” என்றார்.

“வந்துட்டே இருந்தது சார்” என்றாள் அவள்.

அவள் நாற்காலியை இழுத்து, முகத்துக்கு நேராக உட்கார்ந்து சொன்னாள். கனமான சத்தங்கள் கேட்கின்றன, மெல்லிய கூர்மையான சத்தங்கள் போய்விட்டன. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் அதிலேதான் வரும். பிரஸ் ஷாப் என்று கேட்டதுமே தனக்குப் புரிந்துவிட்டது என்றாள்.

“நான் பஸ்ல கத்தறேன்னு சொல்றாங்கம்மா. நான் மெதுவாத்தான் பேசறேன். அது எப்படி?”

“ரெண்டும் நிஜம்தான் சார். உங்க குரலே உங்களுக்குக் கம்மியாத்தான் கேக்குது. நீங்க மெதுவா பேசறதா நினைக்கற அளவு, வெளிய இருக்கறவங்களுக்குக் கத்தல். நீங்க பொய் சொல்லல.”

அந்தக் கடைசி வார்த்தைகளை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

இரண்டு வாரம் கழித்துக் காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவி வந்தது. வலது காதுக்கு மட்டும் முதலில். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டார். மின்விசிறி கிறீச்சிடுகிறது. ராதா நடந்தால் மெட்டி தரையில் தட்டுகிறது. “தண்ணி வேணுமா?” என்று அவள் சமையலறையிலிருந்தே கேட்டாள், அவர் “வேணும்” என்றார். சொன்னதும் தன் குரல் தன் காதில் அறைந்ததைக் கேட்டுத் திடுக்கிட்டார். ராதா சொம்பும் கையுமாக வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முன்னால் வந்து நிற்காமல் அவள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லிப் பல வருஷமாகியிருந்தது.

தாரணிக்கும் சந்தோஷம்தான். கருவியைக் கழற்றி மாட்ட, பேட்டரி மாற்ற அவள்தான் கற்றுக்கொண்டு அவருக்குச் செய்து காட்டினாள். ஆனால் தான் வந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று மனதில் இருந்த முள் போகவில்லை. வேலை கிடைத்தால் ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். வைட்ஃபீல்டில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலைக்கு நேர்காணல் வந்தபோது, அப்பாவோடு ஏழே முக்கால் பஸ்ஸில் கிளம்பினாள். அவள் முன்பக்கம், அவர் பின்பக்கம்.

அவளுக்குப் பக்கத்து இருக்கை சந்திரம்மா.

“நீதானே ரங்கநாதன் சார் மகளு?” சந்திரம்மாவின் தமிழில் கன்னடம் கலந்திருக்கும். “அவரு கோவமா இருக்காரு போல எங்கிட்ட. பேசறதே இல்லை. தப்பு என்னுதுதானம்மா. மில்லுல நான்தான் சொன்னேன்.”

தாரணி வெடுக்கென்று திரும்பினாள். “ஏன் சொன்னீங்க?”

“நல்லதுன்னு சொன்னேன். அந்தப் பொம்பளைங்க அடிச்ச கதையை மட்டும் புடிச்சுக்கிட்டாங்க. உங்கப்பா பேசினதை விட்டுட்டாங்க.”

“என்ன பேசினாரு?”

“உனக்குத் தெரியாதா?” சந்திரம்மா ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தாள். “என் மகளு எனக்கு பாரமில்லைன்னாரு. உசுரோட வந்தாளே, அதுவே நிம்மதின்னாரு. அவளே போறேன்னாலும் அனுப்பமாட்டேன்னாரு. இந்த பஸ்ஸுல அன்னிக்கு ஒருத்தர் மூச்சு விடலம்மா. என்னை என் புருஷன் அடிச்சுத் துரத்தினப்ப எங்கப்பா வாசக் கதவே திறக்கல. நான் இங்க உக்காந்து அழுதேன், தெரியுமா? கண்டக்டரு எனக்கு டிக்கெட் கேக்கறதையே மறந்துட்டாரு.”

தாரணி பின்னால் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். எஞ்சின் இரைச்சலும் ஹாரனும் எல்லாமும் ஒன்றாகக் கருவிக்குள் புகுந்து அவரைப் பாடுபடுத்திக்கொண்டிருந்தன, முகம் சுருங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. பத்து தலைகள் திரும்பின. சந்தானம்தான்.

“அண்ணா, பஸ்ல இருக்கேன்” என்றார் ரங்கநாதன். எவ்வளவு மெதுவாக என்றால், உதடு அசைந்ததுதான் தெரிந்தது. வாணியம்பாடிக்கு அது எட்டவில்லை போலிருக்கிறது, “என்னடா, தொண்டை கட்டிக்கிச்சா? சத்தமா பேசு!” என்று அண்ணன் போட்ட சத்தம் போனைத் தாண்டிப் பக்கத்தில் நின்றவருக்கே கேட்டது. “இறங்கினதும் நானே பேசறேண்ணா” என்று ஒரு படி ஏற்றிச் சொல்லிவிட்டு வைத்தார். பக்கத்து ஆள் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். ரங்கநாதன் பதிலுக்குத் தலையசைத்தார்.

வைட்ஃபீல்டில் இறங்கியதும் இருவரும் சாலையோர மரத்தடியில் நின்றார்கள். நேர்காணலுக்கு இன்னும் அரை மணி இருந்தது.

“பெரியப்பாகிட்ட சொன்னதை எங்கிட்ட ஏன்பா சொல்லல?”

ரங்கநாதனுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. கேட்கவில்லை என்று சிரித்து மழுப்ப இனி வழி இல்லை.

“சொல்லத் தெரியல பாப்பா.”

“இப்ப சொல்லுங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கம்பெனி வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. இளநீர்க்காரர் ஒருவர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திக்கொண்டிருந்தார். “நீ எங்கயும் போவாத” என்றார். “ஹாஸ்டல்லாம் வேணாம். வேலைக்குப் போ, வூட்டுக்கு வா. எனக்கு நீ இருக்கறது…” காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கவலையோடு, “சத்தமா சொல்லிட்டேனா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. சரியா சொன்னீங்க” என்றாள் தாரணி. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மருத்துவமனை இருந்த பக்கம் நடந்தாள்.

வேலை கிடைத்தது. ஓசூர் விவகாரம் வக்கீல், கோர்ட் என்று மேலும் இரண்டு வருஷம் இழுத்தது. சந்தானம் பெரியப்பாவே கடைசியில் சாட்சி சொல்ல வந்தார். ரங்கநாதன் கஸ்தூரிரங்கனிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவர் ஒரு ஏற்பாடு செய்தார்: பஸ்ஸில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு அவசரமென்றால் செய்தி அனுப்புவது, ரங்கநாதன் அதைப் படித்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கூப்பிடுவது. காவலாளிக்கு மோட்டார் சுவிட்சு எது என்றும் காட்டிக்கொடுத்தாயிற்று. அப்படிப் பாதி வழியில் இறங்கி, பேசி முடித்து, அடுத்த பஸ் பிடித்து வந்த நாட்கள் எத்தனையோ உண்டு.

இடது காதுக்கும் கருவி வந்த பிறகு, ரங்கநாதன் பழைய பிரஸ் ஷாப் ஆட்களை நிருபமாவிடம் கூட்டிக்கொண்டு போகத் தேட ஆரம்பித்தார். பதினாலு இயந்திரத்துக்குப் பதினாலு பேர். பாதிப் பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள். ஆஸ்டின் டவுனில் டெஸ்மண்ட் இருந்தான், நாலாம் நம்பர் இயந்திரம். பேரக்குழந்தை பேசுவது புரியவில்லை என்று அதைத் தூக்குவதையே விட்டுவிட்டானாம். அவன் மனைவி சொன்னாள். டெஸ்மண்ட் முதல் தடவை, “எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது மேன்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டாவது தடவை காபி கொடுத்து அனுப்பினான். மூன்றாவது தடவை, ஒரு சனிக்கிழமை ரங்கநாதன் போனபோது, அவன் இஸ்திரி போட்ட சட்டையும் தலையில் தொப்பியுமாக வாசலில் தயாராக நின்றிருந்தான். பேரக்குழந்தை அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரங்கநாதன் ஆட்டோவுக்குக் கை காட்டினார்.